பழைய லேத்தின் பார்வேர்டு-ரிவர்ஸ் சுவிட்ச்: பழுது பார்ப்பதும் வயர் கொடுப்பதும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும். பஞ்சாபில் உள்ள பட்டாலாவில் செய்த நாலரை அடி லேத், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கோன் புல்லி, பெல்ட் டிரைவ். மோட்டார் சிங்கிள் பேஸ் 1 எச்.பி., கெப்பாசிட்டர் ஸ்டார்ட். ஹெட்ஸ்டாக் ஓரத்தில் கைப்பிடி வைத்த பழைய டிரம் சுவிட்ச். பார்வேர்டில் போட்டால் மோட்டார் தானாக எடுத்து ஓடியது. ரிவர்ஸில் போட்டால் உறுமிக்கொண்டு அப்படியே நின்றது. சுவிட்சைத் திறந்து பார்ப்பதற்காக வயர்களை எல்லாம் கழற்றினீர்கள், எது எங்கே இருந்தது என்ற குறிப்பு இல்லை. ஓர் எலக்ட்ரீஷியன் "காயில் போயிடுச்சு, ரீவைண்டிங் பண்ணணும்" என்கிறார். இன்னொருவர் "பேஸையும் நியூட்ரலையும் மாத்திக் கொடுங்க, ரிவர்ஸ் ஓடும்" என்கிறார். என்ன செய்வது?

இரண்டு பேர் சொன்னதையும் விட்டுவிடுங்கள். ரீவைண்டிங்குக்கு மோட்டாரை அனுப்ப வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

கெப்பாசிட்டர் ஸ்டார்ட் மோட்டாருக்குள் இரண்டு காயில்கள். ஒன்று ரன்னிங் காயில், மோட்டார் ஓடுகிற நேரம் முழுக்க வேலை செய்வது. இன்னொன்று ஸ்டார்ட்டிங் காயில். அதோடு கெப்பாசிட்டரும், ஷாப்டில் இருக்கும் சென்ட்ரிபூகல் சுவிட்சும் சீரிஸில் வரும். மோட்டார் முழு வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தொட்டதும் சென்ட்ரிபூகல் சுவிட்ச் திறந்து ஸ்டார்ட்டிங் காயிலைக் கழற்றிவிடும். ரன்னிங் காயில் மட்டும் கரண்ட் எடுத்தால் மோட்டாருக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாது. அதனால்தான் உறுமிக்கொண்டு நிற்கிறது. அதைப் புறப்பட வைப்பதும், எந்தத் திசை என்று முடிவு செய்வதும் ஸ்டார்ட்டிங் காயில்தான்.

இப்போது உங்கள் மோட்டாருக்கு வருவோம். பார்வேர்டில் தானாக எடுத்தது என்றால் ரன்னிங் காயில், ஸ்டார்ட்டிங் காயில், கெப்பாசிட்டர், சென்ட்ரிபூகல் சுவிட்ச் நான்கும் சரியாக இருக்கின்றன. இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் பார்வேர்டும் எடுக்காது. ரிவர்ஸில் உறுமுகிறது என்றால் ரன்னிங் காயிலுக்குக் கரண்ட் போகிறது, ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போகவில்லை. ஆக, பழுது சுவிட்சுக்குள்ளே, ரிவர்ஸ் நிலையில் ஸ்டார்ட்டிங் காயிலுக்குக் கரண்ட் கடத்தும் இரண்டு தொடுமுனைகளில் ஒன்றில் இருக்கிறது. மோட்டார் நல்ல மோட்டார்.

பேஸ்-நியூட்ரலை மாற்றும் யோசனை ஏன் பலிக்காது? மாற்றினால் இரண்டு காயில்களும் சேர்ந்தே திரும்பும். ஒன்றுக்கொன்று இருந்த உறவு அப்படியே இருக்கும், திசை மாறாது. ஒரு காயிலின் இரண்டு முனைகளை மட்டும் இடம் மாற்ற வேண்டும், மற்றதைத் தொடக் கூடாது. ரன்னிங் காயிலை மாற்றினாலும் திசை மாறத்தான் செய்யும். ஆனால் ஸ்டார்ட்டிங் காயிலில் கரண்ட் ஓடுவது சில நொடிகள்தான் என்பதால் சுவிட்சுக்கு அதை மாற்றுவதே நல்லது.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு வார்த்தை. மெயினை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கி உங்கள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். கெப்பாசிட்டரின் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு குண்டு பல்பைச் சில நொடி தொடவைத்து அதில் மிச்சமிருக்கும் சார்ஜை இறக்கிவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். பொறி கண்ணுக்கு ஆபத்து, கெப்பாசிட்டருக்கும் கெடுதல்.

முதலில் சுவிட்ச். மேல் மூடியைக் கழற்றினால் நடுவில் பேக்லைட்டிலோ பைபரிலோ செய்த உருளை. அதன் மேல் செம்புப் பட்டைகள் வளைவாகப் பதித்திருக்கும். பக்கவாட்டில் ஸ்ப்ரிங் வைத்த விரல்கள், ஒவ்வொரு விரலும் ஒரு டெர்மினல். கைப்பிடியைத் திருப்பினால் உருளை சுழன்று, பட்டைகள் வெவ்வேறு விரல்களைச் சேர்த்துவிடும். வேறு மந்திரம் ஒன்றும் உள்ளே இல்லை. இங்கிலாந்தில் மைஃபோர்டு, பாக்ஸ்ஃபோர்டு லேத் வைத்திருப்பவர்கள் டியூஹர்ஸ்ட் சுவிட்சோடு போராடுவதும் இதே கதைதான். பெட்டியும் டெர்மினல் எண்களும் வேறு, தத்துவம் ஒன்று.

தொடுமுன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விரல்களைக் கழற்றினால் கழற்றிய வரிசையிலேயே அட்டையில் குத்தி வையுங்கள். ஒவ்வொன்றும் அதனதன் பட்டைக்குத் தேய்ந்து பழகியிருக்கும், இடம் மாறினால் முழுப் பரப்பும் தொடாது.

உங்கள் சுவிட்சில் நான் முதலில் பார்க்கச் சொல்லும் இடம் விரல் அல்ல, உருளையின் மேல் குறுக்காகப் போகும் செம்புப் பட்டை. ரிவர்ஸ் நிலைக்கு மட்டும் வேலை செய்யும் அந்தப் பட்டை சிறு பித்தளை ஸ்க்ரூவில் பிடித்திருக்கும். வருஷக்கணக்கில் சூடேறி ஆறி அந்த ஸ்க்ரூ தளர்ந்துவிடும். பட்டை பார்வைக்கு ஒட்டியது போல இருக்கும், நகத்தால் தட்டினால் லேசாக ஆடும். ஆடும் இடத்தைச் சுற்றி பேக்லைட் பழுப்பேறி, மெல்லிய கருப்புக் கோடு ஓடியிருக்கும். பார்வேர்டில் எடுத்து ரிவர்ஸில் எடுக்காத சுவிட்சுகளில் இது அடிக்கடி தென்படும் காரணம். இரண்டாவது காரணம், ரிவர்ஸ் பட்டையின் தொடக்க விளிம்பு பொறியில் அரித்துக் குழியாகிப் போவது. மூன்றாவது, ஒரு விரலின் ஸ்ப்ரிங் சூட்டில் முறுக்கு இழந்து தளர்வது. பக்கத்து விரலைச் சுண்டுவிரலால் தூக்கிப் பார்த்து, அடுத்ததையும் தூக்கிப் பாருங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும்.

சுத்தம் செய்வதில் அவசரப்பட்டு எமரி பேப்பரை எடுக்காதீர்கள். எமரித் துகள் செம்பில் பதிந்து உட்கார்ந்துவிடும், பிறகு அந்த இடமே சூடாகிக்கொண்டிருக்கும். செம்புப் பட்டைக்கு மெல்லிய அரம், அதன் பின் பித்தளை பிரஷ், கடைசியில் காண்டாக்ட் கிளீனரில் நனைத்த துணி. குழி முழுவதும் மறையும் வரை அராவ வேண்டாம். மேடுகளைத் தட்டையாக்கி, விரல் ஏறும் விளிம்பை லேசாக வழித்துவிட்டால் போதும். விரல் முனையில் வெள்ளிப் பொட்டு வைத்திருந்தால் அரமே வேண்டாம். வெள்ளி கருத்திருந்தாலும் கரண்ட் கடத்தும், துணியால் துடைத்தால் போதும்.

பேக்லைட்டில் ஓடியிருக்கும் கருப்புக் கோட்டை அலட்சியப்படுத்தாதீர்கள். அது கரி. கரி மின்சாரம் கடத்தும். இரண்டு டெர்மினலுக்கு நடுவே கோடு போட்டிருந்தால் ஒருநாள் அதன் வழியாகவே பேஸும் நியூட்ரலும் சந்தித்துக்கொள்ளும். கத்தி முனையால் கருப்பு போகும் வரை சுரண்டி, இன்சுலேஷன் வார்னிஷ் இரண்டு கோட்டு அடியுங்கள். ஆழமாகக் கருகி உதிர்ந்தால் அந்த உருளையைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். விரல்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் சிமெண்ட் அட்டை போன்ற தடுப்பு இருந்தால் அதைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது. பழைய சுவிட்சுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஈரத்துணியால் துடைத்து அப்படியே விடுங்கள்.

கைப்பிடியின் அடியில் ஒரு நட்சத்திரச் சக்கரமும் ஸ்ப்ரிங் வைத்த குண்டோ ரோலரோ இருக்கும். ஆஃபில் 'டக்' என்று உட்கார வேண்டும். தேய்ந்து போய் ஆஃபுக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் கைப்பிடி ஊசலாடினால் மற்ற எதைச் சரி செய்தும் பயனில்லை. ஆபரேட்டர் ஆஃப் என்று நினைத்து, ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் சக்கில் கை வைப்பார். இந்த ஸ்ப்ரிங்கை மாற்றுவதற்குத் தயங்க வேண்டாம். எல்லாம் பூட்டும்போது செம்புப் பட்டைகள் மேல் வாசலின் கண்ணுக்குத் தெரியாத அளவு தடவித் துடைத்துவிடுங்கள், உரசித் தேய்வது குறையும். பேரிங் கிரீஸ் கூடாது, இரும்புத் தூளை இழுத்து வைத்துக்கொள்ளும்.

டெர்மினல் ஸ்க்ரூ பற்றி ஒன்று. பழைய சுவிட்சுகளில் பி.ஏ. அல்லது விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரை இருக்கும். பெட்டியில் கிடக்கும் 4 எம்எம் ஸ்க்ரூ இரண்டு சுற்று ஏறும், பிறகு பித்தளை மரையைக் கிழித்துவிடும். பழைய ஸ்க்ரூவையே சுத்தம் செய்து போடுங்கள், காணாமல் போயிருந்தால் லேத் உங்களிடம்தானே இருக்கிறது, மரை அளந்து கடைந்துகொள்ளலாம்.

அடுத்தது சார்ட், அதாவது எந்த நிலையில் எந்த டெர்மினல் எதோடு சேர்கிறது என்ற பட்டியல். முழுப் பதிலிலும் இதை மட்டும் படித்தாலும் போதும் என்பேன். வயர் நிறத்தை நம்பாதீர்கள், டெர்மினல் எண்ணை நம்பாதீர்கள், இணையத்தில் கிடைக்கும் படத்தையும் நம்பாதீர்கள். இந்த வயதுடைய மோட்டார் எத்தனை ரீவைண்டிங் பார்த்ததோ, கடையில் அன்றைக்குக் கிடைத்த நிறத்தில் வயர் வந்திருக்கும். சுவிட்ச் தனியாக, மோட்டார் தனியாக மல்டிமீட்டரை வைத்து நீங்களே எழுதும் சார்ட்தான் உண்மை. அதை எழுதி முடித்தால் இணைப்பு தானாக வந்துவிடும்.

சுவிட்சில் வயர் எதுவும் இல்லாத நிலையில், மீட்டரை பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்து, ஆறு டெர்மினலுக்கும் பேப்பர் ஒட்டி 1 முதல் 6 வரை நீங்களாக எண் போடுங்கள். கைப்பிடியை ஒவ்வொரு நிலையிலும் வைத்து எந்த இரண்டுக்கும் நடுவே பீப் வருகிறது என்று எழுதுங்கள். ஆறு டெர்மினல் டிரம் சுவிட்சில் பெரும்பாலும் இப்படி வரும்:

பார்வேர்டு: 1–2, 3–4, 5–6
ஆஃப்: எதுவும் சேராது
ரிவர்ஸ்: 1–3, 2–4, 5–6

உங்களுடையதில் எண்கள் வேறு மாதிரி வந்தால் பரவாயில்லை. பார்க்க வேண்டியது அமைப்பைத்தான். ஒரு ஜோடி இரண்டு பக்கமும் மாறாமல் சேர வேண்டும், இங்கே 5–6. மற்ற நான்கு டெர்மினலும் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் குறுக்காகவும் சேர வேண்டும். அப்படி வரும்படி உங்கள் எண்களை மாற்றி ஒட்டிக்கொள்ளுங்கள். ரிவர்ஸில் 1–3 அல்லது 2–4 வரவில்லை என்றால் பழுது அங்கேதான். பீப் மட்டும் கேட்டுத் திருப்தி அடையாமல், தடையையும் அளந்து பாருங்கள். மீட்டர் வயர்களை ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் அளவைவிடச் சற்றும் கூடக் கூடாது. கைப்பிடியைப் பத்து முறை போட்டு எடுத்து மீண்டும் அளந்தாலும் அதே அளவு வர வேண்டும்.

இனி மோட்டார். உங்கள் மோட்டாரில் இருந்து நான்கு வயர் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல செய்தி. நாலில் ஜோடி பிரிக்க வேண்டும். ஒரு ஜோடியில் மீட்டர் இரண்டு மூன்று ஓம் காட்டும், அது ரன்னிங் காயில். இன்னொரு ஜோடியில் மீட்டர் எதுவுமே காட்டாது! காயில் அறுந்துவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். உங்கள் எலக்ட்ரீஷியனும் இதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அது அறுந்த காயில் அல்ல. நடுவே கெப்பாசிட்டர் இருக்கிறது, மீட்டரின் டிசி அதைத் தாண்டிப் போகாது. கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு கிளிப் வயரால் தற்காலிகமாகச் சேர்த்துவிட்டு அளந்து பாருங்கள். ரன்னிங் காயிலைவிட அதிகமான தடை காட்டும், ஏனென்றால் ஸ்டார்ட்டிங் காயில் மெல்லிய கம்பி. அளந்ததும் கிளிப்பை மறக்காமல் எடுத்துவிடுங்கள். புதிய மோட்டார்களில் ரன்னிங்குக்கு யு1, யு2 என்றும் ஸ்டார்ட்டிங்குக்கு இசட்1, இசட்2 என்றும் அச்சிட்டிருப்பார்கள். நீங்களும் அந்தப் பெயரையே டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

நான்கு வயரும் மோட்டார் பாடியோடு சேரக் கூடாது. ரீவைண்டிங் கடையில் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகர் இருக்கும், ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஈரம் ஏறியிருக்கிறது, காய வைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்றே வயர் வரும் மோட்டார் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். அதில் இரண்டு காயிலின் ஒரு முனை உள்ளேயே சேர்த்துக் கட்டியிருக்கும். டிரம் சுவிட்சை எப்படித் திருப்பிப் போட்டாலும் அந்த மோட்டார் ரிவர்ஸ் ஓடாது. கவரைத் திறந்து, அந்தச் சேர்ப்பைப் பிரித்து, நாலாவது வயர் வெளியே எடுக்க வேண்டும். காயில் கட்டை அவிழ்த்து, ஸ்லீவ் போட்டு, திரும்பக் கட்டி வார்னிஷ் விடும் வேலை. கை பழகிய வைண்டர் அரை நாளில் செய்வார், அவரிடம் கொடுங்கள். "ரிவர்ஸ் பார்வேர்டு ஓட்டணும், நாலு வயர் வேணும்" என்று சொன்னால் அவருக்குப் புரியும்.

இப்போது இணைப்பு. பேஸ் 1-க்கு. நியூட்ரல் 4-க்கு. ஸ்டார்ட்டிங் காயிலின் இசட்1 2-க்கு, இசட்2 3-க்கு. கெப்பாசிட்டரும் சென்ட்ரிபூகல் சுவிட்சும் மோட்டாரில் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். 1-இல் இருந்து 5-க்கு ஒரு சிறு ஜம்பர். ரன்னிங் காயிலின் யு1 6-க்கு, யு2 நேராக 4-இல் நியூட்ரலோடு.

பார்வேர்டில் என்ன நடக்கிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பேஸ் 1-இல் இருந்து 2-க்குப் போய் இசட்1-இல் நுழைகிறது, இசட்2 3-இல் இருந்து 4-க்குப் போய் நியூட்ரலைச் சேர்கிறது. ரிவர்ஸில் பேஸ் 1-இல் இருந்து 3-க்கு, அதாவது இசட்2-இல் நுழைகிறது. இசட்1 2 வழியாக நியூட்ரலுக்கு. ஸ்டார்ட்டிங் காயில் தலைகீழாகிவிட்டது. ரன்னிங் காயிலுக்கு 5–6 வழியாக எப்போதும் ஒரே மாதிரிதான். ஆஃபில் ஸ்டார்ட்டிங் காயில் இரண்டு பக்கமும் அறுபட்டு நிற்கும், ரன்னிங் காயிலுக்குப் பேஸ் வராது.

ஆனால் யு2 நியூட்ரலிலேயே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். யாராவது பிளக்கிலோ போர்டிலோ பேஸையும் நியூட்ரலையும் மாற்றிவிட்டால், சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதும் மோட்டார் காயிலில் பேஸ் நிற்கும். அதனால் சுவிட்சுக்கு முன்னால் இரண்டு வயரையும் ஒரே நேரத்தில் அறுக்கும் டபுள் போல் எம்.சி.பி. கட்டாயம். 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் முழு லோடில் ஏறத்தாழ 7 ஆம்ப் எடுக்கும், புறப்படும் நொடியில் அதன் ஐந்தாறு மடங்கு. 10 ஆம்ப் சி வகை எம்.சி.பி. தாங்கும்.

திரீ பேஸ் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஜம்பர் வேண்டாம். மெயினில் இருந்து வரும் மூன்று பேஸில் ஆர் 1-க்கு, ஒய் 4-க்கு, பி 5-க்கு. மோட்டாரின் மூன்று வயர் 2, 3, 6-க்கு. ஏதாவது இரண்டு பேஸ் இடம் மாறினால் மோட்டார் திரும்பிவிடும், இங்கே 2-உம் 3-உம் மாறுகின்றன. ஒரு பக்கம் மட்டும் உறுமினால் ஒரு பேஸ் சேரவில்லை என்று அர்த்தம். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் காயில் நிஜமாகவே கருகும், உடனே ஆஃப் செய்யுங்கள். வி.எப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் டிரைவ்) வைத்து ஓட்டுபவர்கள் டிரம் சுவிட்சை வி.எப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் போடவே கூடாது, ஓடும்போது அறுத்தால் டிரைவ் போய்விடலாம். திசையை டிரைவின் கண்ட்ரோல் டெர்மினலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வயர் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு பிளெக்ஸிபிள் குறையாமல் போடுங்கள், மெயினில் இருந்து வருவது 2.5. ஒவ்வொரு முனைக்கும் லக் வைத்து கிரிம்ப் செய்யுங்கள். வயர் முனையில் ஈயம் பூசி ஸ்க்ரூவில் இறுக்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அது வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் நாளாக நாளாகத் தளரும், சூடாகும். லேத்தில் கூலண்டும் பிசிறும் எங்கும் போகும் என்பதால் வயர் பெட்டிக்குள் கீழ்ப்பக்கமாகத்தான் நுழைய வேண்டும், கிளாண்ட் போட்டு.

எர்த் மூன்று இடத்தில்: மோட்டார் பாடி, லேத் பெட், சுவிட்ச் பெட்டி. மோட்டார் மரப் பலகையிலோ ரப்பர் மேலோ இருந்தால் அதற்கும் லேத்துக்கும் நடுவே இருப்பது பெல்ட் மட்டும்தான், ஒன்றின் எர்த் மற்றதற்குப் போகாது. இரும்புக் கைப்பிடியைத்தான் நாள் முழுக்கப் பிடிக்கப் போகிறீர்கள், அந்தப் பெட்டிக்குத் தனியாகப் பச்சை வயர் கொடுங்கள். கரண்ட் கசிந்தால் லைனை அறுத்துவிடும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. ஒன்றும் லைனில் இருக்கட்டும்.

இதற்கு மேல் ஒன்றை வற்புறுத்திச் சொல்லப் போகிறேன். டிரம் சுவிட்சை மட்டும் வைத்து லேத்தை ஓட்டாதீர்கள். கரண்ட் போகிறது, நீங்கள் கைப்பிடியைப் பார்வேர்டிலேயே விட்டுவிட்டுச் சக் சாவியைப் போட்டு ஜாப்பை இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள், கரண்ட் வருகிறது. லேத் தானாக எடுத்துவிடும். சாவி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. டிரம் சுவிட்சுக்குக் கரண்ட் போனது தெரியாது, வந்ததும் தெரியாது. அதனால் அதற்கு முன்னால் ஒரு டி.ஓ.எல். (டைரக்ட் ஆன் லைன்) ஸ்டார்ட்டர் வையுங்கள். பச்சைப் பட்டனை அழுத்தினால் அதற்குள் இருக்கும் காண்டாக்டர் என்ற காந்த சுவிட்ச் பிடிக்கும், தன்னுடைய துணைத் தொடுமுனை வழியாகத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் விட்டுவிடும், திரும்பி வந்தாலும் நீங்கள் அழுத்தாமல் பிடிக்காது. 230 வோல்ட் காயில், மோட்டார் வேலைக்கு 9 அல்லது 12 ஆம்ப் என்று போட்ட காண்டாக்டர் போதும். மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் எடுத்தால் அறுத்துவிடும் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள். ரிலே மூன்று போல் உடையதாக இருந்தால் சிங்கிள் பேஸில் கரண்ட் மூன்று போல் வழியாகவும் வரிசையாகப் போகும்படி சுற்றிக் கொடுங்கள். இரண்டில் மட்டும் போனால் சில ரிலேக்கள் பேஸ் போய்விட்டது என்று நினைத்துத் தட்டிவிடும். சிவப்புக் காளான் பட்டன் ஒன்று, சக்கின் பக்கம் கையை நீட்டாமலே எட்டும் இடத்தில்.

ஸ்டார்ட்டர் வந்தபின் ஓட்டும் முறையும் மாறுகிறது. திசையை டிரம் சுவிட்சில் வைத்துவிட்டுப் பச்சையை அழுத்துங்கள். நிறுத்துவது சிவப்பில். சக் முழுதாக நின்றபிறகு டிரம்மைத் திருப்பிப் போடுங்கள், மீண்டும் பச்சை. லோடில் கரண்டை அறுக்கும் வேலை காண்டாக்டருக்குப் போய்விட்டதால் டிரம்மில் பொறியே வராது. நீங்கள் இப்போது பழுது பார்க்கும் பட்டைகள் இன்னும் பல வருஷம் வரும்.

ஓடும்போதே ரிவர்ஸுக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மோட்டாரில் ஒன்றும் ஆகாது, அதுதான் ஏமாற்றும் இடம். வேகத்தில் சென்ட்ரிபூகல் சுவிட்ச் திறந்திருப்பதால் ஸ்டார்ட்டிங் காயிலை மாற்றியும் பயனில்லை, மோட்டார் பழைய திசையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். வேகம் குறைந்து உள்ளே 'டிக்' என்று சத்தம் கேட்ட பிறகு தள்ளினால்தான் திரும்பும். திரீ பேஸில் அப்படி இல்லை, தள்ளிய கணமே எதிர்ப்பக்கம் இழுக்கும். பழைய பெல்ட் லேத்களில் சக் ஸ்பிண்டில் மூக்கில் மரையில் ஏற்றியிருக்கும். பார்வேர்டில் வெட்டும்போது தானாக இறுகிக்கொள்ளும், திடீர் ரிவர்ஸில் மரை கழன்று சக் பெட் மேல் விழும். பத்துப் பதினைந்து கிலோ இரும்பு, சுழன்றுகொண்டே. ரிவர்ஸில் கனமான கட் போடாதீர்கள், சக் ஏற்றும் முன் மரையிலும் தோளிலும் பிசிறு இல்லாமல் துடைத்து நன்றாக இறுக்குங்கள்.

ரிவர்ஸ் எதற்குத் தேவை என்று பார்த்தால், நம் பட்டறைகளில் முக்கியமாக மரை வெட்டத்தான். இன்ச் லீட் ஸ்க்ரூ (டூலை நகர்த்தும் நீண்ட மரைத் தண்டு) உள்ள லேத்தில் மெட்ரிக் மரை வெட்டும்போது அதைக் கவ்வும் ஹாஃப் நட்டைத் திறந்தால் அடுத்த பாஸ் அதே தடத்தில் விழாது. டூலைப் பின்னிழுத்து, நிறுத்தி, மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டி, டூலைத் தாங்கும் கேரேஜைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதில் ஒவ்வொரு பாஸுக்கும் இரண்டு ஸ்டார்ட். கெப்பாசிட்டர் ஸ்டார்ட் மோட்டார் இதற்கு அவ்வளவாக ஒத்துவராது, அந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் சில நொடிகள் மட்டும் வேலை செய்யும்படி செய்தது. விடாமல் போட்டு எடுத்தால் சூடேறி வீங்கும். நீளமான மரை வேலை இருந்தால் நடுவில் கெப்பாசிட்டரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஆறவிடுங்கள். இடக்கை மரை வெட்டுவதற்காக மோட்டார் ரிவர்ஸ் கேட்பவர்களுக்கு அது தேவையே இல்லை, டம்ளர் கியரில் லீட் ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும்.

கடைசியாக சோதனை. மோட்டார் வயர் நான்கையும் சுவிட்சில் இருந்து கழற்றி வைத்துவிட்டு, பேஸ் லைனில் 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. மின்சாரம் கொடுத்துக் கைப்பிடியை மூன்று நிலையிலும் மெதுவாக நகர்த்துங்கள், நடுவில் கடக்கும் இடத்திலும் நிறுத்திப் பாருங்கள். பல்பு எங்குமே எரியக் கூடாது. எரிந்தால் உருளையில் ஷார்ட் இருக்கிறது, மோட்டாரைக் கொடுக்காதீர்கள். எரியவில்லை என்றால் மின்சாரத்தை அறுத்து, மோட்டாரை இணைத்து, பல்பை எடுத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தனியாக ஓட்டுங்கள். பார்வேர்டு, முழுதாக நிற்கட்டும், ரிவர்ஸ். கைப்பிடி காட்டும் திசைக்கு எதிராகச் சுற்றினால் 2-இலும் 3-இலும் உள்ள வயரை மட்டும் இடம் மாற்றுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம்.

அப்போதும் ரிவர்ஸில் உறுமினால் ஆஃப் செய்துவிட்டு, ஷாப்டைக் கையால் சுற்றிவிட்டு, கையை எடுத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். சுற்றிவிட்ட பக்கமே எடுத்து ஓடினால் ஸ்டார்ட்டிங் காயிலுக்கு இன்னும் கரண்ட் போகவில்லை, 1–3, 2–4 இரண்டையும் மறுபடி அளந்து பாருங்கள்.

உருளை கருகி ஆகாத நிலையில் இருந்தால் புதிய பார்வேர்டு-ஆஃப்-ரிவர்ஸ் கேம் சுவிட்ச் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். 16 ஆம்ப் போதும் என்பார்கள், மோட்டார் வேலைக்கு 25 ஆம்ப் வாங்குங்கள். அதற்கும் முதலில் மீட்டர் வைத்துச் சார்ட் எழுதிய பிறகே வயர் கொடுக்க வேண்டும். சிலவற்றில் டெர்மினல்களுக்கு நடுவே கம்பெனியே ஜம்பர் போட்டு அனுப்புகிறது, அது திரீ பேஸுக்கானது. சிங்கிள் பேஸுக்கு அப்படியே கொடுத்தால் ஷார்ட் ஆகலாம். ஜம்பர்களைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். எழுதிய சார்ட்டை சுவிட்ச் மூடியின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். முதல் வாரம் வேலை முடிந்ததும் மின்சாரத்தை அறுத்து, மூடியைத் திறந்து ஒவ்வொரு டெர்மினல் ஸ்க்ரூவையும் ஒரு முறை இறுக்கிவிடுங்கள், புதிய லக்குகள் முதல் சூட்டில் சற்றுத் தளரும்.